"டிட் நாட் வென்ட்" ஏன் தப்பு? இங்கிலீஷ் வாக்கியத்தில் வெர்ப் பார்க்கும் வேலை

கடைசி_பெஞ்ச்:
வணக்கம். போட்டித் தேர்வுக்கு இங்கிலீஷ் இலக்கணம் படிக்கிறேன். 12 டென்ஸ் அட்டவணை மனப்பாடம், வி-1 வி-2 வி-3 (கோ, வென்ட், கான் மாதிரி) பட்டியலும் மனப்பாடம். ஆனாலும் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் மார்க் போகிறது. கீழே இருக்கும் நாலும் தப்பாம்:

"ஹி டிட் நாட் வென்ட்"
"டஸ் ஷி நோஸ் தமிழ்?"
"ஐ ஆம் அக்ரீ வித் யூ"
"ஒய் யூ ஆர் லேட்?"

முதல் வாக்கியத்தில் நடந்து முடிந்த விஷயம்தானே, அப்போ வென்ட்தானே வரணும்? இந்த நாலுக்கும் தனித்தனியா நாலு விதி படிக்கணுமா?

வினைமுற்று:
வேண்டாம் தம்பி. நாலும் ஒரே இடத்தில்தான் உடைகின்றன.

இங்கிலீஷ் வாக்கியத்தில் எத்தனை வெர்ப் வரிசையாக நின்றாலும் காலத்தைச் சுமப்பது ஒன்றே ஒன்றுதான்: வரிசையில் முதலில் நிற்பது. 'நாட்' ஒட்டிக்கொள்வது அதனிடம். கேள்வி கேட்கும்போது எழுவாயைத் தாண்டி முன்னால் போவதும் அதுதான். ஹி, ஷி, இட் வந்தால் எஸ் வாங்குவதும் அதுவே. பின்னால் நிற்கும் வெர்ப்புகளுக்குக் காலமும் கிடையாது, ஆளும் கிடையாது. தனக்கு முன்னால் நிற்பது எந்த வடிவத்தைக் கேட்கிறதோ அந்த வடிவத்தில் நிற்பதோடு அவற்றின் வேலை முடிந்தது.

இது தமிழ் பேசுகிறவருக்குப் புதிதே இல்லை, திசைதான் வேறு. "எழுதிக்கொண்டிருக்கிறாள்", "எழுதிக்கொண்டிருந்தாள்" இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'எழுதி' அசையவில்லை, 'கொண்டு'வும் அசையவில்லை. காலம், ஆள், பால் எல்லாம் கடைசித் துண்டில் இருக்கிறது. இப்போது "ஷி இஸ் ரைட்டிங்", "ஷி வாஸ் ரைட்டிங்". ரைட்டிங் அசையவில்லை, மாறியது முதல் துண்டு. நம்மிடம் முற்று கடைசியில், அவர்களிடம் முற்று முதலில். மற்றதெல்லாம் இரண்டு மொழியிலும் எச்சம்.

'டிட் நாட் வென்ட்' சிக்கலும் இப்படித்தான். நேற்று நடந்ததாகவே இருந்தாலும் "எழுதவில்லை" என்கிறோம், யாரும் "எழுதினவில்லை" என்பதில்லை. இல்லை வந்துவிட்டால் முன்னால் காலம் காட்டாத 'எழுத' நின்றால் போதும். "டிட் நாட் ரைட்" அதே ஏற்பாடுதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம் 'இல்லை' நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். அவர்களுடைய டூ, டஸ், டிட் காலத்தைக் காட்டிவிடும். டிட் ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது. பிறகு 'வென்ட்' என்று இரண்டாவது இறந்தகாலம் எதற்கு? "டஸ் ஷி நோஸ்" தப்பாவதும் இதனால்தான். எஸ் டஸ்ஸுக்குள் போய்விட்டது, 'நோ' வெறுமனே நிற்க வேண்டும்.

"ஐ ஆம் அக்ரீ" என்பதில் ஆம், அக்ரீ இரண்டும் முற்றாக நிற்கின்றன. ஒரு வரிசைக்கு ஒரு முற்றுதான். "ஐ அக்ரீ" போதும். "ஒய் யூ ஆர் லேட்"டில் கேள்விக்காக முன்னால் வந்திருக்க வேண்டிய 'ஆர்' நகராமல் நின்றுவிட்டது: "ஒய் ஆர் யூ லேட்?"

கடைசி_பெஞ்ச்:
புரியுது ஐயா. ஆனால் "ஹி வென்ட் ஹோம்"னு சொன்னா அதுல ஹெல்பிங் வெர்ப்பே இல்லையே. அங்கே டிட் எங்கே போச்சு? நாட் போட்டா மட்டும் எங்கிருந்து வருது?

வினைமுற்று:
ஒரே வெர்ப் இருந்தால் அதுவேதான் முதல் வெர்ப், அதுவே காலத்தைச் சுமக்கும். அதனால் வென்ட். ஆனால் இன்றைய இங்கிலீஷில் மெயின் வெர்ப்புக்கு நாட்டை ஏற்கவோ எழுவாயைத் தாண்டவோ உரிமை இல்லை. அந்த உரிமை பீ, உதவி வெர்ப்பாக வரும் ஹேவ், டூ மற்றும் மோடல்கள் எனப்படும் கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பதுக்குத்தான். வாக்கியத்தில் இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் அர்த்தமே இல்லாத ஒரு ஆளைக் கூலிக்கு அழைத்து வர வேண்டும். அதுதான் டூ.

செய்முறை இதுதான்:

1. வாக்கியத்தில் முதல் வெர்ப்பைப் பிடியுங்கள்.
2. அது மேலே சொன்ன உதவி வகையில் ஒன்றா? ஆம் என்றால் நாட் அதற்குப் பின்னால். கேள்வி என்றால் அதையே எழுவாய்க்கு முன்னால் வையுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.
3. இல்லையென்றால் டூவைக் கொண்டு வாருங்கள். மெயின் வெர்ப்பிலிருந்து காலத்தையும் எஸ்ஸையும் உருவி டூவுக்குக் கொடுங்கள் (டூ, டஸ், டிட்). மெயின் வெர்ப் வி-1 ஆகிவிடும்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கொடுத்தார்கள், ஆனால் உருவவில்லை. அதனால்தான் 'டிட் கேம்', 'டஸன்ட் ஹேஸ்'.

இரண்டு விலக்குகள். பீ மெயின் வெர்ப்பாக வந்தாலும் உதவி வெர்ப்பின் உரிமையோடுதான் வரும்: "இஸ் ஹி எ டீச்சர்?" சரி, "டஸ் ஹி பீ எ டீச்சர்?" கிடையாது. (கட்டளையில் மட்டும் "டோன்ட் பீ லேட்" உண்டு.) அடுத்து, 'ஹூ', 'வாட்' எழுவாயாகவே இருந்தால் தாண்ட வேண்டிய எழுவாய் வேறு இல்லை, அதனால் டூவும் இல்லை: "ஹூ கேம்?" ஆனால் "ஹூ டிட் யூ சீ?" என்பதில் ஹூ செயப்படுபொருள், எழுவாய் யூ, ஆகவே டிட் வேண்டும்.

பச்சைமை:
டூ எப்போதுமே இப்படிக் கட்டாயமாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் "ஐ நோ நாட்" என்பதும் சர்வ சாதாரணம், டூ போட்டுச் சொல்வதும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, 16ஆம் நூற்றாண்டில் வேகமாகப் பரவி, அதற்கப்புறம்தான் இது விதியாக இறுகியது. பழைய பிரிட்டிஷ் நடையில் "ஹேவ் யூ எனி மணி?" என்று வருவது அந்த எச்சசொச்சம். தேர்வில் "டூ யூ ஹேவ் எனி மணி?" என்றே எழுதுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், டூவுக்கு ஒரு 'அர்த்தம்' தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதுதான். "ஐ டூ லைக் இட்" என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் அதற்கு ஒரு சத்தம் உண்டு. மற்ற இடங்களில் அது வெறும் சுமைதாங்கி.

அரைப்புள்ளி:
முதல் வெர்ப் பற்றிச் சொன்னீர்கள், பின்னால் நிற்பவை எந்த வடிவம் எடுக்கும் என்பதையும் சொல்லிவிட்டால்தான் முழுசாகும்.

சாதாரண வெர்ப்புக்கு அதிகபட்சம் ஐந்து வடிவம்: ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங். 'புட்' மாதிரியானவற்றுக்கு மூன்றுதான்: புட், புட்ஸ், புட்டிங். பீ ஒன்றுக்குத்தான் எட்டு: பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங். மோடல்களுக்கு எஸ் கிடையாது, இங் கிடையாது, முன்னால் 'டு' கூட வராது. அதனால்தான் "ஹி கேன்ஸ்" இல்லை, "டு கேன்" இல்லை.

யாருக்குப் பின்னால் யார்:

மோடல் வந்தால் அடுத்தது வி-1.
டூ வந்தாலும் அடுத்தது வி-1.
உதவி வெர்ப்பாக ஹேவ் வந்தால் அடுத்தது வி-3.
நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் பீ வந்தால் அடுத்தது இங்.
செயப்பாட்டுவினைக்கான பீ வந்தால் அடுத்தது வி-3.

நிற்கும் வரிசையும் இதேதான்: மோடல், ஹேவ், இங் கேட்கும் பீ, வி-3 கேட்கும் பீ, கடைசியில் மெயின் வெர்ப். நடுவில் யாரும் வராமல் போகலாம், ஆனால் இடம் மாறி நிற்க முடியாது. ஒவ்வொரு உதவி வெர்ப்பும் தன் உருபைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்று இதை ஒரே சூத்திரமாக 1957இல் எழுதிக் காட்டியவர் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி.

"ஷி ஹேஸ் பீன் ரைட்டிங்" என்பதைக் கழற்றிப் பாருங்கள். ஹேஸ் முதல் வெர்ப். நிகழ்காலம் அதில் இருக்கிறது, ஷிக்கான எஸ்ஸும் அதில் இருக்கிறது. ஹேவ் குடும்பம் என்பதால் அடுத்தவரை வி-3 ஆக்குகிறது. அடுத்தவர் பீ, அதனால் பீன். பீன் பீ குடும்பம், தனக்கு அடுத்தவரிடம் இங் கேட்கிறது, அதனால் ரைட்டிங். எதிர்மறை: "ஷி ஹேஸ் நாட் பீன் ரைட்டிங்." கேள்வி: "ஹேஸ் ஷி பீன் ரைட்டிங்?" குறும்பதில்: "யெஸ், ஷி ஹேஸ்." வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வி, அதாவது டேக்: "ஹேஸன்ட் ஷி?" நாலிலும் நகர்ந்தது, திரும்ப வந்தது, நாட் வாங்கியது எல்லாம் ஹேஸ் மட்டுமே. எல்லா வாக்கியத்துக்கும் 'இஸின்ட் இட்' போடும் நம் ஊர்ப் பழக்கம் இந்த இடத்தில் மார்க்கைக் குறைக்கும்.

அப்புறம் அந்த 12 டென்ஸ் அட்டவணை. பார்க்கும்போது மலைப்பாக இருக்கும், உள்ளே சரக்கு கொஞ்சம்தான். முதல் வெர்ப் நிகழ்காலமா, இறந்தகாலமா அல்லது 'வில்' என்ற மோடலா என்று 3. ஹேவ் உண்டா இல்லையா, இங் உண்டா இல்லையா என்று 4. மூன்றை நான்கால் பெருக்கினால் 12. கண்டிப்பான இலக்கணக்காரர்கள் இங்கிலீஷில் டென்ஸ் இரண்டே இரண்டுதான் என்பார்கள். வெர்ப்பின் உருவத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் இல்லை, வில்லும் ஒரு மோடல்தான் என்பது அவர்கள் வாதம்.

மெய்ப்பு:
அட்டவணையை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது அரைப்புள்ளி. வடிவம் சரியாக வந்தாலும் எங்கே எதைப் போடுவது என்பதில்தான் ஆபீஸ் மெயில்களில் நான் திருத்தும் பாதிப் பிழை இருக்கிறது. "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" வாக்கியத்தில் வடிவம் கச்சிதம்: ஆம், அடுத்து இங். ஆனால் தப்பு. 2015இல் தொடங்கி இன்றுவரை நீள்வதைச் சொல்ல ஹேவ் வேண்டும்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015." இதற்கு நேர்மாறாக "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்பதில் ஹேவ் வரக் கூடாது. யெஸ்டர்டே என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் "ஐ சா ஹிம்" மட்டுமே.

நமக்கு ஏன் சறுக்குகிறது என்றால், "2015லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்லி முடித்துவிடுவோம். தமிழ் வாக்கியத்தில் ஹேவுக்கு வேலையே இல்லை. "பார்க்கிறேன்" பழக்கத்துக்கும் வரும், இந்த நிமிஷத்துக்கும் வரும். இங்கிலீஷில் அந்த இரண்டும் தனித்தனி: "ஐ டிரிங்க் காபி" என்றால் காபி குடிக்கும் பழக்கம் உண்டு, "ஐ ஆம் டிரிங்கிங் காபி" என்றால் கையில் டம்ளர் இருக்கிறது.

அரைப்புள்ளி:
ஒப்புக்கொள்கிறேன். வடிவம் வேறு, பயன்பாடு வேறு. ஆனால் வடிவம் நிற்காதவரிடம் பயன்பாடு பேசிப் பயனில்லை.

ஈரோட்டுக்காரி:
இங் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" தப்பு, "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. ரெண்டும் ஹேவ்தானே?

மெய்ப்பு:
ரெண்டும் ஒரே எழுத்து, செய்யும் வேலை வேறு. முதல் வாக்கியத்தில் ஹேவ் ஒரு நிலையைச் சொல்கிறது. அண்ணன் தம்பி இருப்பது தொடங்கி நடந்து முடிகிற காரியம் இல்லை. நிலையைச் சொல்லும் வெர்ப்புக்கு இங் வராது: நோ, பிலீவ், ஓன், பிலாங், கன்டெய்ன், நீட். ஆகவே "ஐ ஆம் நோயிங்" இல்லை. இரண்டாவதில் ஹேவ் 'சாப்பிடு' என்ற செயல். செயலுக்கு இங் தாராளமாக வரும்.

சோதிக்க ஒரு கேள்வி போதும்: இதைப் பாதியில் நிறுத்த முடியுமா? சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தலாம். தம்பியை? அதேபோல் "ஐ திங்க் ஹி இஸ் ரைட்" கருத்து, நிலை. "ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்" மண்டைக்குள் நடக்கும் வேலை. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த வாக்கியத்தில் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே உருப்படியான வழி.

கூகை:
இந்தியாவில் கோடிப் பேர் "ஐ ஆம் ஹேவிங்" என்றுதான் பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்குப் புரிகிறது. இதைத் தப்பு என்று சொல்ல லண்டன்காரனுக்கு என்ன உரிமை?

மெய்ப்பு:
பேச்சில் யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. இந்திய இங்கிலீஷின் அடையாளங்களில் ஒன்றாக மொழியியலாளர்களே இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்டது தேர்வுத்தாளுக்கு. அங்கே விடைக்குறிப்பு எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியும்.

பச்சைமை:
யாரும் இன்னும் தொடாத ஒன்று: வெர்ப் தனக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. நம்மவர்கள் இங்கிலீஷில் அதிகம் சொதப்புவது என் கணக்கில் டென்ஸ் இல்லை, இதுதான்.

'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். "டிஸ்கஸ் த பிராப்ளம்" போதும், அபவுட் வேண்டாம். 'பற்றி' நாக்கில் இருப்பதால் அபவுட் தானாக வந்து ஒட்டுகிறது. 'மென்ஷன்' கதையும் அதே. 'ரீச்' வந்தால் "ரீச்ட் சென்னை", நடுவில் டு இல்லை. 'எக்ஸ்பிளெய்ன்' ஆளை நேராக எடுக்காது: "எக்ஸ்பிளெய்ன் மீ" தப்பு, "எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ" சரி. "சஜஸ்ட் மீ எ குட் புக்" கூட அப்படித்தான் தப்பு. 'டெல்'லுக்கு யாரிடம் என்பது வேண்டும், 'சே'க்கு வேண்டாம்: "ஹி டோல்ட் மீ தட்...", "ஹி செட் தட்..."

செயப்படுபொருளே எடுக்காத வெர்ப்புக்குச் செயப்பாட்டுவினை வராது. "த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்" என்று செய்தியில்கூடப் பார்க்கலாம். ஹேப்பனுக்குச் செயப்படுபொருள் ஏது, எதைத் தூக்கி முன்னால் வைப்பது? "த ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்", அவ்வளவுதான்.

பின்னால் இன்னொரு வெர்ப் வந்தால் அதன் வடிவத்தையும் முன்னது சொல்லும். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' இங் கேட்கும். 'வான்ட்', 'டிசைட்', 'ஹோப்' டுவோடு வி-1 கேட்கும். 'ஸ்டாப்' இரண்டையும் எடுக்கும், அர்த்தம் தலைகீழாகும்: "ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்" என்றால் சிகரெட்டை விட்டுவிட்டார், "ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்" என்றால் சிகரெட் பிடிக்க நின்றார். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருக்கும் டு வேறு ரகம், அதற்குப் பின்னால் இங்தான்: "லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ."

இதற்கெல்லாம் பொது விதி தேடாதீர்கள், கிடைக்காது. வெர்ப்பைப் படிக்கும்போதே அதன் சட்டகத்தோடு படிக்க வேண்டும். கற்போருக்கான அகராதிகள் ஒவ்வொரு வெர்ப்புக்கும் இதைக் கொடுத்திருக்கும், ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடன் இருந்தவர்களும் ஜப்பானில் தொகுத்து 1942இல் வெளியான அகராதியே வெர்ப் பேட்டர்ன்களை முறையாகக் கொடுத்தது. பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல் அடுத்த வரி எடுத்துக்காட்டையும் படியுங்கள்.

கடைசி_பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. பழைய வினாத்தாள் மாதிரியில் நாலை முதல் வெர்ப் முறைப்படி பார்த்தேன். சரியா சொல்லுங்க:

அ) "ஐ டோன்ட் நோ வாட் டைம் இஸ் இட்." இது சரின்னு நினைக்கிறேன், இஸ் முன்னால வந்திருக்கு.
ஆ) "ஹி மஸ்ட் ஹேஸ் லெஃப்ட்." மஸ்ட்டுக்குப் பின்னால வி-1, அதனால ஹேவ்.
இ) "டிட் யூ யூஸ்ட் டு லிவ் ஹியர்?" டிட் இருக்கு, யூஸ்ட் தப்பு, யூஸ்.
ஈ) "த டாக்டர் சஜஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்." ஹிக்கு எஸ் இல்லை, அதனால தப்பு, டேக்ஸ்.

வினைமுற்று:
ஆ, இ இரண்டும் சரி. இ-யில் கூடுதலாக ஒன்று: டிட் இல்லாத வாக்கியத்தில் "ஐ யூஸ்ட் டு லிவ்" என்று டி போட்டே எழுத வேண்டும். அது விட்டுப்போன பழக்கத்துக்கு மட்டும். இன்றைக்கும் இருக்கும் பழக்கத்தைச் சொல்ல "ஐ யூஸ் டு கோ டெய்லி" என்பார்கள், அப்படி ஒன்று கிடையாது. "ஐ கோ டெய்லி" போதும்.

அ தப்பு. முதல் வெர்ப் எழுவாயைத் தாண்டுவது வாக்கியம் நேராகக் கேள்வி கேட்கும்போது மட்டும். இங்கே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடைபட்டுவிட்டது, மெயின் வாக்கியம் "ஐ டோன்ட் நோ". ஆகவே உள்ளே வரிசை மாறாது: "வாட் டைம் இட் இஸ்." டூவும் இதே காரணத்தால் உள்ளே வராது: "ஐ டோன்ட் நோ வேர் ஹி லிவ்ஸ்", "வேர் டஸ் ஹி லிவ்" அல்ல.

ஈ வாக்கியம் சரியாகவே இருக்கிறது, திருத்தக் கூடாது. சஜஸ்ட், இன்சிஸ்ட், டிமாண்ட், ரெகமண்ட் போன்றவை 'இப்படி ஆகட்டும்' என்று சொல்லும்போது 'தட்' என்பதற்குப் பின்னால் வரும் வெர்ப் காலமோ ஆளோ பார்க்காமல் வி-1 ஆக நிற்கும்.

கடைசி_பெஞ்ச்:
அப்போ முதல் வெர்ப்தான் காலத்தைச் சுமக்கும்னு சொன்ன விதி இங்க உடையுதே? அந்தப் பகுதியில் முதல் வெர்ப்பே டேக்தான்.

வினைமுற்று:
உடைகிறது, சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். காலமே இல்லாத வாக்கியப் பகுதி இது, பழைய இங்கிலீஷிலிருந்து மிச்சமான ஏவல் வடிவம். பிரிட்டிஷ் நடையில் இந்த இடத்தில் ஷுட் போட்டு "தட் ஹி ஷுட் டேக் ரெஸ்ட்" என்றும் எழுதுவார்கள், அப்போது ஷுட் முதல் வெர்ப்பாகி பழைய விதிக்குள் வந்துவிடும். எதிர்மறையிலும் வித்தியாசம் தெரியும்: "தட் ஹி நாட் டேக் ரெஸ்ட்" என்று டூ இல்லாமலே நாட் வரும். வினாத்தாளில் 'தட்' என்பதற்கு முன்னால் சஜஸ்டட், ரெகமண்டட் பார்த்தால் எஸ் இல்லாத விடையில் டிக் போடுங்கள். ஆனால் "ஹிஸ் ஃபேஸ் சஜஸ்டட் தட் ஹி வாஸ் டயர்ட்" மாதிரி சஜஸ்ட் 'உணர்த்தியது' என்ற பொருளில் வந்தால் அது ஏவல் இல்லை, வழக்கம்போல் காலம் வேண்டும்.